கப்பலேறிப் போன ஊர்ப்பெயர்கள்

(புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலில் ஆற்றப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அன்னவாசல் பிள்ளைகளுக்குச் சித்தன்னவாசல் புதிதல்ல. அங்குள்ள அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் விதானத்தில் தீட்டிய தாமரைக்குளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மலையேறி ஏழடிப்பட்டத்துக்குப் போனால் வழவழப்பாகத் தேய்த்த பதினேழு கற்படுக்கைகள் இருக்கும். தலை வைக்கும் இடம் மட்டும் சற்று மேடாக விட்டிருப்பார்கள். அவற்றுள் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தது என்பது அறிஞர்கள் கணிப்பு. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதென் என்பவருக்குச் சிறுபோசில் இளையர் இந்த இருக்கையைச் செய்துகொடுத்தார் என்பது அதில் உள்ள செய்தி.

எருமிநாடு இன்றைய மைசூர்ப் பக்கம் என்பார்கள். தொலைவிலிருந்து வந்து இந்த மலையில் தங்கிய ஒருவருடைய பெயரோடு, அவர் பிறந்த ஊரையும் நாட்டையும் மறக்காமல் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்று, ஊரைவிட்டு வந்த ஒருவருடைய சொந்த ஊரைச் சொல்கிறது.

கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்தச் சீமை ஆட்களை வெளியே அனுப்பிய சீமையாகிவிட்டது. மானாவாரிக் காடும் ஏரிப் பாசனமும் கைவிட்டபோதெல்லாம் புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், மதுரைப் பக்கத்து ஏழைகள் கடல் தாண்டினார்கள். இலங்கை, மலேயா, பர்மா, மொரீசியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று போனார்கள். கப்பலில் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் பெயரையும் ஊரையும் வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் பதிவேட்டில் எழுதினார்கள். அந்தப் பக்கங்களை டர்பனிலும் மொரீசியஸிலும் பேரப்பிள்ளைகள் இன்று புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் எழுதியிருக்கும் ஊர்களில் குடியிருப்பவர்கள் இன்னும் தொடங்கவில்லை. இந்த வட்டாரத்து இளைஞர்கள் கையில் எடுக்க வேண்டிய வேலை அது என்று சொல்வதற்காகவே இந்த உரை.

ஆளுக்கு ஒரு வரி

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். 1911-ல் அந்த ஆள்பிடிப்பு நிற்கும்வரை 1,52,184 பேர் அங்கே இறக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் சென்னை வழியாகப் போனவர்கள். மொரீசியஸுக்கு 1834-லேயே இந்த ஆள்பிடிப்பு தொடங்கிவிட்டது. ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர்கள் அந்தத் தீவில் இறங்கினார்கள். அவர்கள் கால் வைத்த ஆப்ரவாசி காட் படித்துறையை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நேட்டால் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் ஓர் எண். தோட்டத்திலும் சிறையிலும் மருத்துவமனையிலும் அந்த எண்தான் கூடவே வரும். அடுத்தடுத்த கட்டங்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி. பிறகு ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் உயரமும் அங்க அடையாளமும்: தழும்பு, மச்சம், பச்சை குத்தியது. ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய குறிப்பு இது. எழுதியவருக்குக் குடும்ப வரலாற்றைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை. ஆனாலும் நாலாம் தலைமுறைப் பேத்தி ஒருத்தி கொள்ளுப்பாட்டனின் ஊரைத் தேடிப் புறப்பட்டால், அவளுக்குக் கிடைக்கும் ஒரே முகவரி அந்த ஒரு வரிதான்.

டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையம் இந்தக் கப்பல் பட்டியல்களைக் காத்துவருகிறது. மொரீசியஸில் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியோர் பதிவேடுகளோடு அவர்களின் புகைப்படங்களும் இருக்கின்றன. குடும்பத்தின் பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அந்த வரியை எடுத்துக் காட்டுவார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஊர்ப்பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிவைத்திருக்கிறார். ழகரமும் றகரமும் போன இடம் தெரியாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பட்டி என்று முடியும் ஊர்களுக்குக் கணக்கில்லை; ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு மூன்று இருக்கும். பெயர் மாறிய ஊர் உண்டு. கண்மாய் உடைந்து காலியான ஊரும் உண்டு. டர்பனில் இருப்பவர் இணைய வரைபடத்தில் எவ்வளவு தேடினாலும் இதற்கு விடை கிடைக்காது. மேலூரா கீழூரா, எந்த ஐயனார் கோயிலைச் சேர்ந்த ஊர் என்று சொல்ல, டவுன் பஸ்ஸில் அந்த வழியே தினமும் போய்வரும் ஒருவரால்தான் முடியும்.

போனவர்கள் வீட்டு மொழி மூன்று நான்கு தலைமுறையில் பெரும்பாலும் இங்கிலீஷ் ஆகிவிட்டது. மொரீசியஸில் கிரியோல் ஆனது. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். ஆனால் மாரியம்மன் போகவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அம்மனுக்கு இன்றும் கூழ் ஊற்றுகிறார்கள். அதை 'பாரிட்ஜ் பிரேயர்' என்று சொல்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, பானையில் இருப்பது அதே கூழ். மொரீசியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்க அரசியலமைப்புச் சட்டம் போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது.

தில்லையாடி வள்ளியம்மையை எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் அங்கேயே இறந்தார். பெற்றோரின் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டி நின்றதால் தில்லையாடி இன்று அவருக்கு மணிமண்டபம் வைத்துக் கொண்டாடுகிறது. அதே சிறைகளில் கிடந்த, அதே கரும்புக் காட்டில் மடிந்த எத்தனையோ பேருக்கு ஊர் இருந்தும் ஊருக்கு அவர்களைத் தெரியாது.

பெயரே இல்லாத பட்டியல்

பதிவேட்டில் ஊர்ப்பெயர் இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது ஆப்பிரிக்கர்களின் கதையைக் கேட்டால் விளங்கும். அட்லாண்டிக் கடலைத் தாண்டி அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஒரு கோடிக்கும் அதிகம். அமெரிக்காவில் 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனி மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆண் பெண் விவரம், நிறம் மட்டும் வரிசையாக இருக்கும். அடிமையின் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. விடுதலைக்குப் பிறகு 1870-ல் எடுத்த கணக்கில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாகப் பெயரோடு பதிவானார்கள். அதற்கு முன்னால் போகத் தாள் கிடையாது. ஊர் எங்கே கிடைக்கும்?

தாள் இல்லாத இடத்தில் ஒரு பாட்டு உதவியது. ஜார்ஜியா மாநிலத்தில் ஹாரிஸ் நெக் என்ற கடலோரச் சிற்றூர். 1930-களில் லோரென்சோ டோ டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் அங்கே அமீலியா டாலி என்ற பெண் பாடிய சிறு பாட்டொன்றைப் பதிவு செய்தார். பொருள் தெரியாமலே தாய்வழியாக வந்த பாட்டு அது. சியரா லியோனின் மெண்டே மொழி என்று பின்னர் தெரிந்தது. 1990-களில் ஜோசஃப் ஓபாலா, சிந்தியா ஷ்மிட், தாசியெஃப் கொரோமா ஆகியோர் அந்த ஒலிப்பதிவோடு சியரா லியோனின் ஊர்களில் அலைந்தார்கள். செனெஹுன் ங்கோலா என்ற சிற்றூரில் பைந்து ஜபாத்தி என்ற பெண்ணுக்கு அதே பாட்டு தெரிந்திருந்தது. இறந்தவர்களுக்குச் சடங்கு செய்யும்போது பெண்கள் பாடும் பாட்டு. மறந்துவிடாதே, பிரிந்துபோன சொந்தத்தை இதை வைத்துத்தான் அடையாளம் காண முடியும் என்று பாட்டி சொல்லிவைத்திருந்தாராம். 1997-ல் அமீலியாவின் மகள் மேரி மோரன் கடல் கடந்து அந்த ஊருக்குப் போனார். இரண்டு பெண்களும் ஒன்றாக நின்று அதைப் பாடினார்கள்.

அந்தச் சந்திப்புக்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் ஊரைவிட்டு எங்கும் போகாத பைந்து ஜபாத்தி. போனவர்களின் வழி வந்தவர்கள் எவ்வளவு தேடினாலும், இருப்பவர்களில் ஒருவர் நினைவில் வைத்திருந்தால்தான் தேடல் முடிகிறது.

ஆப்பிரிக்க அரசுகளும் சும்மா இருக்கவில்லை. 1619-ல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர்கள் முதன்முதலாக இறக்கப்பட்டு நானூறு ஆண்டு நிறைவதையொட்டி, கானா 2019-ஐத் 'திரும்பி வரும் ஆண்டு' என்று அறிவித்தது. அந்த நவம்பரில் 126 பேருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. கேப் கோஸ்ட் கோட்டையில் அடிமைகளைக் கப்பலுக்கு இழுத்துப்போன வாசலுக்குத் 'திரும்பாத வாசல்' என்று பெயர். அதே வாசலின் கடற்புறத்தில் இப்போது 'திரும்பும் வாசல்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

சிலோனுக்குப் போன தடம்

புதுக்கோட்டைச் சீமைக்கு ஆப்பிரிக்காவைவிட நெருக்கமான கதை சிலோன் கதை. அங்கே போனவர்களுக்கு நேட்டால் மாதிரிப் பதிவேடு இல்லை. கங்காணிதான் பதிவேடு. தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். அதனால் ஒரு ஊர்க்காரர்கள் கூட்டமாக ஒரே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாது வருடப் பஞ்சத்தில், அதாவது 1876-க்குப் பிறகான ஆண்டுகளில், அந்தக் கூட்டம் பெருகியது. கடற்கரைக்கு நடந்து, தோணியில் மன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுப் போனார்கள்.

1904-ல் சிலோன் தோட்ட முதலாளிகள் திருச்சியிலேயே தொழிலாளர் ஆணையம் ஒன்றைத் திறந்தார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டை மாட்டிக்கொண்டு ஆட்கள் ரயிலேறினார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது.

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டு நவம்பரில் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களில் குடியேறியிருந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக் குடிமக்களும் இல்லை என்றானார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரத்துக்கு வந்து, மண்டபம் முகாமில் தங்கி, கையில் குடும்ப அட்டையோடு அவர்கள் இறங்கினார்கள். சொந்த மாவட்டம் என்று திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் வந்தவர்கள் பலர். மூன்று தலைமுறைக்கு முன் விட்டுப்போன ஊரில் நிலமும் இல்லை, வீடும் இல்லை. கொழுந்து பறிக்கத் தெரிந்த கைக்கு இங்கே வேலையும் இல்லை. இவர்களுக்காகவே 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களை, பின்னாளில் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனவற்றை, நம்பி நீலகிரிக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். இலங்கையில் 'இந்தியாக்காரர்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

ஊர் அவர்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். போனவர்களில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமூகத்தார். பஞ்சமும் கடனும் மட்டும் அவர்களைத் துரத்தவில்லை; சாதியும் துரத்தியது. நுழையக்கூடாத தெரு, தண்ணீர் எடுக்கக்கூடாத கிணறு, போகக்கூடாத கோயில் இருந்த ஊரை விட்டுத்தான் கப்பலேறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளை ஒருவர் நாளை அன்னவாசல் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினால், எந்தக் கிணறு, எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று தயங்க வேண்டிய நிலை இருக்கக்கூடாது. அந்த உறுதி இல்லாமல் வேரைத் தேடி வா என்று அழைப்பதில் நேர்மை இல்லை.

மலையகத்து மக்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதத் தொடங்கிவிட்டார்கள். சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டினார். கம்பளைக்கு அருகே நியூ பீகொக் தோட்டத்தில் 2007-ல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய லயன் வீடும் புழங்கிய பண்டபாத்திரமும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. மலையகம் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததைக் குறிக்க 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் விழுந்து எழுந்து போன அதே தடத்தில் இளைஞர்கள் பாதம் வைத்தார்கள். தடத்தின் மறுமுனை இங்கே இருக்கிறது. இங்கே யாரும் நடக்கவில்லை.

இங்கிருந்து என்ன செய்யலாம்

சான்றுகள் கண் முன்னே கிடக்கின்றன. இந்தச் சீமையின் ஊர்க் கோயில்களில் வாசற்படியையும் மணியையும் திருவாசியையும் கொஞ்சம் குனிந்து பார்த்தால், 'உபயம்' என்று வெட்டிய எழுத்தில் சிலோனும் மலேயாவும் சிங்கப்பூரும் வரும். வீடுகளில் பரண்மேல் தகரப் பெட்டி உண்டு. அதில் தோட்டத்திலிருந்து வந்த கடிதம், மணியார்டர் ரசீது, பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம். பெரியவர் காலமானதும் இவை பழைய பேப்பர்காரருக்குப் போகின்றன.

தனி மனிதர் முயன்றால் எவ்வளவு காக்கலாம் என்பதற்குப் புதுக்கோட்டையிலேயே ஞானாலயா இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி என்ற ஆசிரியத் தம்பதியர் தங்கள் சம்பாத்தியத்தில் வாங்கி வாங்கிச் சேர்த்த நூல்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. அரிய முதற்பதிப்புகளைத் தேடி ஆய்வாளர்கள் வெளிநாட்டிலிருந்தும் அங்கே வருகிறார்கள். புத்தகத்துக்குச் செய்ததைக் கடிதத்துக்கும் நினைவுக்கும் செய்ய இந்த மாவட்டத்தால் முடியும்.

தமிழ்நாடு அரசு ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. 2023-ல் அறிவித்த 'வேர்களைத் தேடி' திட்டத்தில் 18 முதல் 30 வயது வரையிலான அயலகத் தமிழ் இளைஞர்களைத் தமிழகத்தைச் சுற்றிக்காட்ட அழைத்து வருகிறது. நல்ல திட்டம். பெரிய கோயில்களையும் அகழாய்வுகளையும் பார்ப்பது வேண்டியதே. அதோடு ஒரு நாளை அவர்கள் கிளம்பிப் போன சீமையின் ஒரு ஊருக்கு ஒதுக்க வேண்டும். அதே வயதுள்ள உள்ளூர்ப் பிள்ளைகள் அவர்களோடு உட்கார வேண்டும். சித்தன்னவாசலும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் பக்கத்தில் இருக்கும் அன்னவாசல் அதற்குப் பொருத்தமான இடம்.

அதற்கு முன்னால் இங்கே செய்து வைக்க வேண்டியவை சில. ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் இன்றைய பெயர், பழைய பெயர், குலதெய்வக் கோயில், பழைய இங்கிலீஷ் காகிதங்களில் அது எப்படியெல்லாம் எழுதப்பட்டது என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒரு ஒன்றியத்துக்கு ஒரு கல்லூரி ஆண்டுக்குள் நாலைந்து மாணவர்கள் இதை முடித்துவிடலாம். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம், யார் வீட்டிலிருந்து யார் எங்கே போனார்கள் என்பதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தோட்டத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த, தாயகம் திரும்பிய பாட்டிகளை முதலில் தேட வேண்டும். வீட்டுக் காகிதங்களைப் படம் எடுத்துக்கொண்டு அசலை அந்த வீட்டிலேயே விட்டுவர வேண்டும். சாதிக் கட்டத்தையும் தனிப்பட்ட விவரங்களையும் குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்டக்கூடாது. இந்தப் பட்டியல் டர்பன், மோக்கா ஆவண மையங்களுக்குப் போனால் அங்கே தேடிக்கொண்டிருப்பவர்களுக்குத் திசை கிடைக்கும்.

இதில் பிழைப்பும் இருக்கிறது. ஆவணத்தைப் படி எடுக்கவும், பழைய கையெழுத்தைப் படிக்கவும், வரைபடம் தயாரிக்கவும், வருகிறவருக்கு வழிகாட்டவும் கற்ற பிள்ளைக்கு நூலகமும் அருங்காட்சியகமும் சுற்றுலாத் துறையும் கதவு திறக்கும். அறிவர் கோயில் ஓவியத்தில் பெரும் பகுதி சிதைந்துபோயிற்று; எஞ்சியது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பச்சையும் செங்காவியும் எப்படிப் பூசப்பட்டன, அந்தக் குளத்து மீனும் எருமையும் பூப்பறிக்கும் ஆளும் எதைக் குறிக்கின்றன என்று வருகிறவருக்கு விளக்கிச் சொல்ல உள்ளூரில் பத்துப் பிள்ளைகள் பயின்றிருந்தால், அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்க்க யாருக்கும் மனம் வராது. வெளிநாடு போவது ஒன்றே வழி என்று நினைக்கும் பிள்ளைக்கு, வெளிநாட்டிலிருந்து தன்னைத் தேடி ஒருவர் வருவார் என்பது பெரிய தெம்பு.

அவையிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகிற பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிப்பீர்கள். சிலோன் கடிதமோ மணியார்டர் துண்டோ கண்ணில் பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, அதில் இருக்கும் பெயர் யாருடையது, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளே, அதைப் படம் எடுத்து, தேதி போட்டு, ஊர்ப்பெயரைப் பிழையில்லாமல் எழுதி, பள்ளி ஆசிரியரிடமோ ஊர் நூலகரிடமோ ஒரு படி கொடுத்துவையுங்கள். இந்தத் தையிலேயே தொடங்குங்கள்.